ஏழு புளியமரங்களில் பெருக்கல் குறி

தும்பைக்காடு, கல்வராயன் மலை
14-6-1987

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று 1987 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.10-க்கு அடிவாரத்தில் கிளம்பி, 9,340 எட்டு வைத்து, 8.55-க்கு இங்கே வந்து சேர்ந்தேன். ஒரு எட்டுக்கு முக்கால் மீட்டர். ஆக ஏழு கிலோமீட்டர். ஏறிய உயரம் 540 மீட்டர்.

வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. நைனாவுக்கு முட்டி வலி. அந்த முட்டியோடு தியாகதுருகம், மணலூர்பேட்டை என்று இடஒதுக்கீடு கேட்கும் சங்கக் கூட்டத்துக்கு சைக்கிள் மிதிக்கிறார். ஏன் என்று கேட்டால், "உனக்காகத்தாண்டா. டிப்ளமா படிச்சிட்டு தெனக்கூலிக்குப் போற. நமக்குன்னு எடம் ஒதுக்கியிருந்தா இந்த கெதியா?" என்கிறார். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? போன கடிதத்தில் மாமா கையெழுத்து இல்லை. ஏன்?

யூனியன் ஆபீஸில் தினக்கூலி ஓவர்சியர் வேலை கிடைத்திருக்கிறது. தும்பைக்காட்டுக்குப் பாதை போட எஸ்டிமேட் தயாரிக்க வேண்டும். 38 வீடு. ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதைதான், அதுவும் 23 இடத்தில் பிரிகிறது. மலைச் சனங்களுக்கு வழி தெரியும். மேலே வரவேண்டியவர்களுக்குத் தெரியாது. ஏப்ரலில் தட்டம்மை வந்து இரண்டு குழந்தைகள் போய்விட்டன. ஊசி போட வேண்டிய நர்சம்மா ஜனவரியிலிருந்து வரவில்லை. நேரில் போய்க் கேட்டேன். பேர் லட்சுமியம்மாள், வயது ஐம்பது இருக்கும். "வழி தவறி சாயங்காலம் வரைக்கும் ஒரு பாற மேல உக்காந்துகினு இருந்தேன் தம்பி. பெட்டியில ஐஸ் உருகி மருந்தெல்லாம் வீணாப் போச்சு. ரோடு போடுங்க, வர்றேன்" என்றார்.

ரோடு வரப் பத்து வருடம் ஆகும். அதற்குள் இந்த அம்மாளைத் தனியாக மேலே வரவைக்க வேண்டும். வராவிட்டால் அடுத்த ஏப்ரலில் இன்னும் சில குழந்தைகள். அவ்வளவுதான் விஷயம்.

உங்கள் ஊரில் சனங்கள் சும்மா நடப்பதற்கென்றே பாதை வைத்திருப்பதாக முன்பு எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை. உண்மை என்றால் விவரம் எழுது.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் தம்பி,
இளஞ்செழியன்


வால்ப்ரூன், பிரான்ஸ்
6-7-1987

ஆசைத் தம்பி செழியனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே. நைனா முட்டிக்கு விளக்கெண்ணெய் தேய்க்கிறாரா? நீ முதல் வரியிலேயே எட்டு எண்ணுவதைப் பார்த்துச் சிரித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன்.

நீ நம்பாவிட்டாலும் உண்மை. முதுகில் மூட்டை, கையில் கோல், பெரிய பெரிய ஆபீசருங்க எல்லாம் லீவு போட்டுவிட்டு வந்து நடக்கிறார்கள். வேண்டுதலா என்று கேட்டேன். இல்லையாம். சும்மாவாம்.

வழி கேட்க ஆள் வேண்டாம், அதுதான் அதிசயம். மரத்திலும் பாறையிலும் சீட்டுக்கட்டு அகலத்துக்குக் கோடு போட்டிருக்கும். மேலே வெள்ளை, கீழே சிவப்பு. கோடு கண்ணில் படும் வரை சரியான வழி. வழி பிரிகிற இடத்தில், போகக் கூடாத பக்கம் அதே இரண்டு கோட்டைப் பெருக்கல் குறி மாதிரி போட்டிருப்பார்கள். எனக்கு அது முதலில் தெரியாது. ஏதோ அழகுக்குப் போட்டது என்று நினைத்து உள்ளே போய், ஒரு மாட்டுப் பண்ணையின் சாணிக் குழிக்குப் பக்கத்தில் நின்றேன். பண்ணைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கோட்டருகே விட்டாள்.

உங்க மாமாவுக்கு மர ஆலையில் வேலை ஜாஸ்தி. அதனால்தான் கையெழுத்து இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
செவ்வந்தி


தும்பைக்காடு
26-7-1987

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். இங்கே மழை. அம்மா சுகம், நைனா ஊரில் இல்லை.

நீ எழுதியதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு டப்பா பெயிண்ட், ஒரு பிரஷ், வேறொன்றும் வேண்டாம். எங்கள் இன்ஜினியரிடம் சொன்னேன். "பிரான்ஸ்காரன் செய்றதெல்லாம் நம்ம மலைக்கு எதுக்குப்பா? எஸ்டிமேட்டை முடி" என்றார். எஸ்டிமேட்டில் வராத வேலை என்பதால் என் கைக்காசில் செய்யப் போகிறேன்.

ஆனால் நீ எழுதும் லட்சணத்தில் ஒரு வேலையும் நடக்காது. எத்தனை அடிக்கு ஒரு கோடு? மழைக்கு எத்தனை வருடம் தாங்குகிறது? அதைப் போடுவது எந்த டிபார்ட்மெண்ட்? நீ நடந்த ஒரு பாதையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, நேரம் தூரத்தோடு எழுது. அழகாக இருந்தது என்று எழுதாதே. அதை வைத்து நான் என்ன செய்ய?

மாமாவை இரண்டு வரி எழுதச் சொல். வேலை ஜாஸ்தி என்றால் ஞாயிற்றுக்கிழமையுமா?

இளஞ்செழியன்


வால்ப்ரூன்
10-8-1987

கோபக்காரத் தம்பிக்கு,

எல்லாரும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உன் கேள்விக்கெல்லாம் பதில் விசாரித்துவிட்டேன், ஓவர்சியர் சார்.

கோட்டைப் போடுவது எந்த டிபார்ட்மெண்டும் இல்லை. ஊர்க்காரர்களே போடுகிறார்கள். சம்பளம் இல்லை. அதற்கு ஒரு சங்கம் இருக்கிறது. (நைனாவிடம் சொல்லாதே, உறுப்பினர் ஆகிவிடுவார்.) ஒரு கோட்டிடம் நின்றால் அடுத்த கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் அளவாம். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மேலே பூசுகிறார்கள்.

ஒரு பாதை கேட்டாயே. இங்கிருந்து மோந்தோர் என்ற ஊருக்குப் போவது எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு கிலோமீட்டர். காலை ஒன்பதரைக்குச் சர்ச் மணி அடிக்கும்போது கிளம்புவேன். முதல் அரை மணி, கல் சுவருக்கு நடுவே ஏற்றம். அப்புறம் செஸ்ட்நட் மரத் தோப்பு. மூன்று இடத்தில் மாட்டுக்குப் படல் இருக்கிறது, திறந்தால் திரும்ப மூட வேண்டும். பதினொன்றரைக்கு மரப்பாலம். அங்கே சோறு. அதன் பிறகு மேடு, அங்கேதான் கால் கெஞ்சும். ஒன்றேகாலுக்கு மோந்தோர் எல்லை. அங்கே ஒரு பெரிய கட்டடம், சுவரோரம் பெஞ்சு. இரண்டு மணி வரை அதில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்வேன்.

அழகாக இருந்தது என்று எழுதவில்லை பார். நான் அதையெல்லாம் கவனிக்கவும் இல்லை.

அக்கா,
செவ்வந்தி


தும்பைக்காடு
13-9-1987

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கையெல்லாம் பெயிண்ட். உன் கடிதம் பார்த்து நாலே நாளில் வேலையைத் தொடங்கினேன். ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 4 வரை பத்து நாள். கோடு 118. பெருக்கல் குறி மலையில் 34, கீழே அடிவாரத்துக்கு வரும் புளியமரச் சாலையில் 7. அந்தச் சாலையிலிருந்து கரும்புக் கொல்லைகளுக்கு ஏழு வண்டிப்பாதை பிரிகிறது. நர்சம்மா ஒரு முறை அதில் ஒன்றில் திரும்பி, கரும்பு ஆட்டுகிற இடத்தில் போய் நின்றாராம். வெல்லப்பாகு குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

இரண்டு தப்பு நடந்தது. மறைக்க மாட்டேன்.

முதலாவது நிறம். இந்த வருடம் எந்த நிறத்தை எடுத்தாலும் அது யாருடைய கொடியாவது. அதனால் நீ சொன்ன வெள்ளையும் சிவப்புமே போதும் என்று வைத்தேன். சிவப்புக்குக் காவி கலந்தேன், மலிவு. வெள்ளையும் காவியும் சேர்த்துக் கோடு போட்டால் நம் ஊரில் அது என்ன? கோயில் சுவர்! பிரஷ் பிடித்த எனக்கு அது தோன்றவில்லை. பாதி வழியில் ஊற்றுப் பக்கம் ஒரு பாறை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், என் கோட்டுக்கு மஞ்சள் குங்குமம், உடைத்த தேங்காய். கீழே ஒன்பது ஜோடி செருப்பு. அந்த இடத்தை வெறுங்காலோடுதான் கடக்கிறார்கள். நான் வழி காட்டப் போட்டது என்று அம்மாசியிடம் சொன்னேன். அவர் இந்த ஊர்க்காரர், நான் தங்கியிருப்பது அவர் வீட்டுக் கொட்டகையில். "யாரு போட்டா இன்னா சார்? போட்ட எடத்துல ஊத்து இருக்குதே" என்றார். விட்டுவிட்டேன்.

இரண்டாவது தப்பு பெருக்கல் குறி. அதை அம்மாசியின் பலா மரத்தில் போட்டிருந்தேன், அந்தப் பக்கம் பள்ளம். காலையில் அரிவாளோடு வந்து நின்றார்.

"இன்னா சார், சோறு போட்ட வூட்டு மரத்துக்கே குறி போட்டுட்ட?"

"இந்தப் பக்கம் வழி இல்லன்னு அர்த்தம்ங்க."

"வழி இல்லன்னா மரம் இன்னா பண்ணும்? பாரஸ்ட்காரன் இப்படிக் குறி போட்டா மக்கா நாளு கோடாலி வரும். நீ போட்டா கிளியா வரும்?"

ஒரு மணி நேரம் விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே குறியைச் சுரண்டி எடுத்தார். பக்கத்துப் பாறையில் மாற்றிப் போட்டேன். "இத வெட்டிக்கினு போவட்டும்" என்று சிரித்துக்கொண்டே போனார். ஆனால் எல்லா இடத்திலும் பாறை இல்லை. 19 மரத்தில் குறி அப்படியே நிற்கிறது. வீடு வீடாகப் போய் அர்த்தம் சொல்லிவிட்டேன்.

நர்சம்மாவுக்கும் சொல்லியனுப்பினேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அதற்குள் வரும் வியாழக்கிழமை முதல் ஒரு வாரம் நைனா சங்கத்தின் சாலை மறியல். நைனா மூன்று நாளாகக் கோடாலிக்குச் சாணை பிடிக்கிறார். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தம்பி,
இளஞ்செழியன்


வால்ப்ரூன்
28-9-1987

தம்பி,

சுகமா? அதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரிய வேண்டியதில்லை.

இங்கே பேப்பரில் நம் பக்கத்துச் செய்தி ஒரு வரி கிடையாது. பாண்டிச்சேரிக்குப் போன் போட்டவர்கள் சொல்கிறார்கள், ரோடெல்லாம் மரமாம், துப்பாக்கிச் சூடாம், ஆளே செத்திருக்கிறார்களாம். நைனா எங்கே? நீ எங்கே? உடனே எழுது. அளவெல்லாம் வேண்டாம், ஆள் முழுசாக இருக்கிறோம் என்று மட்டும் எழுது.

எனக்கு மழையில் கால் வீங்கிவிட்டது. ஆனாலும் நேற்று நடந்தேன்.

செவ்வந்தி


11-10-1987

அன்புள்ள அக்காவுக்கு,

ஆள் முழுசாக இருக்கிறோம். நைனா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். முட்டி வலி குறைந்திருக்கிறது, அலைச்சல் இல்லை அல்லவா. மூன்று வேளையும் சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. அறை இருபதுக்குப் பன்னிரண்டு அடி, தலைக்கு மேல் ஆறடி உயரத்தில் ஒரு ஜன்னல். நர்சம்மா இன்னும் மேலே போகவில்லை. நான் இப்போது போய்ச் சொல்ல முடியாத நிலை. அது மட்டும்தான் குறை. இதைச் சித்தப்பா பையன் தபாலில் சேர்ப்பான்.

எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. உன் கடிதங்களை அம்மா கொடுத்தனுப்பினாள். வரிசையாக வைத்து, நில மட்டம் குறித்த லெவல் புத்தகம் சரிபார்ப்பது போலச் சரிபார்த்தேன். நான் கண்டதை எழுதுகிறேன்.

உன் கடிதம் மூன்றுமே திங்கட்கிழமை எழுதியவை. நேற்று நடந்தேன் என்கிறாய், ஆக நடப்பது ஞாயிறு. கால் வீங்கியும் நடக்கிறாய். சும்மா நடக்கிறவர்கள் கால் வீங்கினால் வீட்டில் இருப்பார்கள். வேறு வேறு பாதையில் போவார்கள், நீ ஒரே பாதையில் போகிறாய். சர்ச் மணிக்குக் கிளம்பி, பெரிய கட்டடத்தின் பெஞ்சில் இரண்டு மணி வரை உட்காருகிறாய். இரண்டு மணிக்கு என்ன திறக்கிறார்கள்? இரண்டு மணிக்குத் திறக்கிற பெரிய கட்டடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், ஆஸ்பத்திரி. மாமாவின் கையெழுத்து மே மாதத்திலிருந்து இல்லை.

அக்கா, மோந்தோரில் மாமாவுக்கு என்ன?

இளஞ்செழியன்


வால்ப்ரூன்
21-12-1987

என் தம்பிக்கு,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. மூன்று ஏரோகிராம் எழுதிக் கிழித்தேன். இப்போது சொல்லலாம், உங்க மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். இதோ எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோலை உரிக்கிறார், எனக்கு வேலை வைக்கிற அளவுக்குத் தடியாக.

மே பதினொன்றாம் தேதி ஆலையில் மரத்துண்டு உருண்டு இடது கால் மேல் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நாலு இடத்தில் முறிவு. இரண்டு ஆபரேஷன். ஏழு மாதம் மோந்தோர் ஆஸ்பத்திரியில். வாரம் பூரா எனக்குப் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. முதல் ஞாயிறு என்ன செய்வதென்று வாசலில் நின்றேன். மூட்டையோடு இரண்டு பேர் நடந்து போனார்கள். எங்கே என்றேன், மோந்தோருக்கு என்றார்கள். பின்னாலேயே போனேன். இரண்டாவது ஞாயிறு தனியாகப் போனேன், சாணிக் குழி அன்றைக்குத்தான். திரும்பும்போது ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு பெண் தன் வண்டியில் கொண்டுவந்து விடுவாள். முப்பது ஞாயிறு நடந்திருக்கிறேன் செழியா. அந்தக் கோடு இல்லாவிட்டால் எனக்கு வாசலே உலகம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். என் கல்யாணத்தின்போது நைனா, "அவ்ளோ தூரம் குடுத்துட்டா, ஒரு நல்லது கெட்டதுக்கு யாரு போயி நிப்பாங்க?" என்று பந்தலிலேயே அழுதார். அவர் கேட்டது நடந்துவிட்டது என்று நான் எப்படி எழுதுவேன்? இப்போதும் அம்மாவிடம் சொல்லாதே. நேரம் பார்த்து நானே சொல்கிறேன்.

நீ மட்டும் பெரிய யோக்கியனா? நானும் உன் கடிதத்தைச் சரிபார்த்தேன். ஆறடி உயரத்தில் ஜன்னல் வைத்த அறை நம் வீட்டில் ஏது? மலையில் ஏது? ஒரு நாள் வீடு தங்காத நைனா எதற்கு உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நேரத்துக்கு வரும் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்? பேசாமல் இருந்த நீங்கள் எப்படிச் சேர்ந்தீர்கள்? தபாலை ஏன் நீ போடவில்லை?

இரண்டு பேரும் எங்கேடா இருந்தீங்க?

அக்கா


தும்பைக்காடு
10-1-1988

அன்புள்ள அக்காவுக்கு, மாமாவுக்கும்,

முதலில் மாமாவின் கால் நலமாக வேண்டும். எலும்பு சேர்ந்த படத்தை டாக்டரிடம் கேட்டு வாங்கி அனுப்பு, பார்க்க வேண்டும். நீ முப்பது ஞாயிறு நடந்ததைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. நாலு முறை எழுதி அடித்துவிட்டேன். நான் உன்னிடம் "எந்த டிபார்ட்மெண்ட்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருந்தது ஜெயிலில். நைனாவும் நானும்.

செப்டம்பர் 25 காலையில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர், "புளியமரத்துல குறி போட்டது நீதானா?" என்றார். "ஆமா சார், ஏழு" என்றேன். எண்ணிக்கையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மறியலில் அந்தச் சாலையில் மூன்று மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மூன்றிலும் என் பெருக்கல் குறி. ஓவர்சியர் குறி போட்டுக் கொடுக்க, ஆட்கள் வெட்டினார்கள் என்று கேஸ். யூனியன் ஆபீஸில் அன்றைக்கே என் பேரை அடித்துவிட்டார்கள்.

உள்ளே போனால் நைனா. மறியல் கேஸில் மூன்று நாள் முன்னதாகவே வந்து, ஜன்னலுக்குக் கீழே நல்ல இடமாகப் பிடித்து வைத்திருந்தார்.

"நீ எதுக்குடா இங்க வந்த?"

சொன்னேன். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் குறி உன்னுதா? எத வெட்டறதுன்னு தெரியாம நின்னுகினு இருந்தோம். எல்லாம் காய்க்கிற மரம், மனசு வரல. குறி போட்ட மரம் கண்ணுல பட்டுச்சு. பாரஸ்ட்டே கழிச்ச மரம், வெட்டினா பாவம் இல்லன்னு நாந்தான் கைகாட்டினேன்" என்றார்.

நான் கத்திவிட்டேன். அறையில் இருந்த பதினாலு பேரும் எழுந்துவிட்டார்கள். "எடம் கேட்டு ரோட்டை மூடினா, எடம் தர்றவன் எப்படி வருவான்? பஸ்ஸே வராது" என்றேன்.

"இத்தினி வருசம் பஸ் ஓடிக்கினுதான் இருந்திச்சி. எவன் வந்தான்?" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவர் முட்டியைப் பிடித்துவிட்டேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

அக்டோபர் 12-ஆம் தேதி அம்மாசி பதினோரு ஆட்களோடு மலையிலிருந்து இறங்கி ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். "அந்தக் குறிக்கு வெட்டுன்னு அர்த்தமில்ல சாமி, போவாதன்னு அர்த்தம். எங்க மலையில பத்தொம்போது மரத்துல போட்டு வெச்சிருக்கான். ஒரு மரம் சாயல. வந்து எண்ணிப் பாரு" என்றாராம். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. ஒரு கான்ஸ்டபிளைத் தனியாக அனுப்பினார், கூட யாரும் போகக் கூடாது என்று சொல்லி. கான்ஸ்டபிள் பேர் சாதுல்லா, எலவனாசூர்கோட்டைக்காரர், மலைப் பக்கமே வராதவர். காலை ஏழு மணிக்கு ஏறினார். மதியம் இரண்டு மணிக்கு இறங்கி வந்து சல்யூட் அடித்து அறிக்கை கொடுத்தார்.

"பத்தொம்போது மரமும் நிக்குது சார். கோட்டப் புடிச்சிக்கினே போனேன், பெருக்கல் போட்ட பக்கம் திரும்பல. பூட்ஸு மட்டும் ஒரு எடத்துல கழட்டினேன். எல்லாரும் செருப்ப வுட்டிருந்தாங்க, நானும் வுட்டுட்டு தண்ணி குடிச்சேன். நல்ல தண்ணி சார்."

வழியே தெரியாத ஒரு ஆள் கோட்டைப் பார்த்து ஏறி இறங்கிவிட்டார். அதுதான் சாட்சி. 16-ஆம் தேதி என்னை விட்டார்கள், அடுத்த வாரம் ஜாமீனில் நைனாவை. எனக்கு மார்ச் வரை புதன்தோறும் ஸ்டேஷனில் கையெழுத்து.

வெளியே வந்ததும் நர்சம்மாவைப் போய்ப் பார்த்தேன். "போலீஸ்காரரே தனியா போயிட்டு வந்துட்டாருங்க. உங்களுக்கு இன்னா?" என்றேன். முறைத்தார். நவம்பரில் மழை என்றார், அதுவும் உண்மைதான். டிசம்பர் 30-ஆம் தேதி நான் அம்மாசி வீட்டில் கேழ்வரகுக் களி தின்றுகொண்டிருக்கிறேன், வெளியே நாய் குரைத்தது. பார்த்தால் நர்சம்மா. தோளில் ஐஸ் பெட்டி, புடவையெல்லாம் ஒட்டுப்புல். கூட யாரும் இல்லை. "நாலு மணி நேரம் ஆச்சு. தண்ணி குடு முதல்ல" என்றார். பெட்டியைத் திறந்தால் பாதி ஐஸ் அப்படியே இருந்தது. ஊரில் 41 குழந்தைகள், அன்று 33 பேருக்கு ஊசி போட்டார்.

எனக்கு வேலை இல்லை. ஆனால் இந்த எண்ணிக்கையை உனக்கு எழுதுவதற்காகவே பத்து நாளாகக் கை அரிக்கிறது.

தம்பி,
இளஞ்செழியன்


வால்ப்ரூன்
8-2-1988

செழியா,

எல்லாரும் சுகம் என்று எழுத இன்றைக்குத்தான் எனக்குப் பொய் தேவைப்படவில்லை.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். நைனா கைகாட்டிய இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்து, கால் வலிக்குது நிறுத்து என்று கெஞ்சினார். அப்புறம் நர்சம்மா வந்து நின்ற இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். அதற்குச் சிரிக்கவில்லை.

இங்கே கோடு போடும் சங்கத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று கிலோமீட்டர் என் பொறுப்பு. பிரஷ் பிடிக்கும்போது பண்ணைக்காரி வந்து பார்த்து, சாணிக் குழிக்குப் பக்கத்தில் பெரிதாகப் போடு என்றாள்.

மாமா கோல் ஊன்றித் தினம் நடக்கிறார். ஜனவரியில் தண்ணீர்க் குழாய் வரை, முந்நூறு மீட்டர். நேற்று தொள்ளாயிரம். தட்டையான இடத்தில்தான். மேடு என்றால் கால் மடங்கவில்லை. மே மாதம் வருகிறோம், டிக்கெட் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நைனாவிடம் நீ பக்குவமாகச் சொல். கீழே மாமா எழுதுகிறார்.

செவ்வந்தி

மச்சான், சவுக்கியமா? உங்க அக்கா எனக்காக முப்பது ஞாயிறு நடந்தாள். நான் அவளோடு உங்க மலையில் கொஞ்சமாவது நடக்க வேண்டும். முடியுமா என்று பார்த்துச் சொல். - மாயவன்


தும்பைக்காடு
6-3-1988

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இங்கே அனைவரும் நலம், இந்த முறை நான் எண்ணிப் பார்த்தே எழுதுகிறேன்.

நைனாவிடம் சொல்லிவிட்டேன். பக்குவமாக எல்லாம் எனக்கு வராது. கடிதத்தையே படித்துக் காட்டினேன். துண்டை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "யாரு போயி நிப்பாங்கன்னு கேட்டேனே. அவளே நின்னுட்டாடா" என்றார். அன்று கூட்டத்துக்குப் போகவில்லை.

நர்சம்மா மூன்றாவது தடவையும் வந்துவிட்டார். இப்போது மூன்று மணி நேரத்தில் ஏறுகிறார். 41-ல் 37 ஆகிவிட்டது. அவருடைய அறிக்கை மேலே போன பிறகு, யூனியனில் முதல் இரண்டு கிலோமீட்டர் பாதைக்கு அனுமதி வந்திருக்கிறது. லெவல் எல்லாம் என் புத்தகத்தில்தான் இருக்கிறது. வேறு வழியில்லாமல் என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே தினக்கூலி. நைனாவுக்கு அதில் இன்னும் கோபம்தான், அவர் கேட்கிற இடம் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கட்டும், கோடாலியை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மாமா, முடியும். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இனி செய்யப் போவது:

1. நாளை காலை பத்து மணிக்கு யூனியன் ஆபீஸில் வேலைக்குச் சேருவது.

2. புதன்கிழமை ஸ்டேஷனில் கடைசிக் கையெழுத்து. சாதுல்லாவுக்கு ஒரு புட்டி மலைத்தேன்.

3. ஊசி போடாத நாலு குழந்தைகளும் ஒரே குடும்பம், மேல்காட்டுக் கொல்லையில் தங்கியிருக்கிறார்கள். நர்சம்மாவோடு நானே அங்கே போவது.

4. வெட்டிய இடத்தில் மூன்று புளியங்கன்று. குழி தோண்டுவது நைனா. தண்ணீர் ஊற்றுவதும் அவரே.

5. அம்மாவிடம் மாமாவின் காலைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் வந்து, மாமா வாசலிலிருந்து உள்ளே நடந்து வருவதை அவள் பார்த்த பிறகு, நீயே சொல்.

6. பாதையின் முதல் 900 மீட்டர் எஸ்டிமேட்டில் 1-க்கு 12 சரிவு, அதாவது 12 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் ஏற்றம். அதை 1-க்கு 20 ஆக மாற்றிக் கொடுப்பது. ஏன் என்று இன்ஜினியர் கேட்பார். நோயாளி நடக்க வேண்டும் என்பேன். எந்த நோயாளி என்பார். பேர், ஊர் எல்லாம் சொல்வேன்.

7. 900 மீட்டர் முடிகிற இடத்தில் உட்காரக் கல் போடுவது. அதற்கு அப்பாலும் மாமா நடந்தால், அவருக்கு முன்னால் மண்வெட்டியோடு போவது.

உங்கள் தம்பி,
இளஞ்செழியன்